பூசணிக் கொடிக்கு எத்தனை வாளி தண்ணீர்?

இடம்பெயர்ந்து புதிய இடத்தில் கொட்டில் போட்ட குடும்பம் முதலில் ஊன்றும் விதைகளில் ஒன்று பூசணி. இதற்குக் காரணம் உண்டு. பூசணிக்கு உழுத நிலம் வேண்டியதில்லை. நான்கு குழிகள் வெட்ட இடமிருந்தால் போதும். சமைத்த காயிலேயே விதை கிடைத்துவிடும். கொழுந்தும் பூவும் பிஞ்சும் காயும் கறிக்கு ஆகும். நன்றாக முற்றிய காயைக் குளிர்சாதனப் பெட்டி எதுவுமின்றி, நிழலான இடத்தில் இரண்டு மூன்று மாதங்கள் வைத்திருக்கலாம். மறுபடியும் இடம்மாற வேண்டி வந்தால் உரப்பையில் போட்டுக் கொண்டு போகவும் முடியும். 1996இல் கிளிநொச்சியிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் பெரும்பகுதியிலிருந்தும் பெயர்ந்த நமது மக்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒவ்வொரு கோடையிலும் ஒரே குறையை நாம் பல வளவுகளில் காண்கிறோம். விதை முளைத்து, கொடி செழித்து ஓடுகிறது. பூக்கும் நேரத்தில் கிணறு வற்றத் தொடங்குகிறது. நாற்பது குழிகளுக்கும் அரை வாளி, கால் வாளி என்று பங்கிட்டு ஊற்றுகிறார்கள். எல்லாக் கொடியும் உயிரோடு இருக்கிறது. ஒரு கொடியிலும் காய் நிற்பதில்லை. “மண் சரியில்லை”, “விதை சரியில்லை” என்று சொல்லி அடுத்த முறை பூசணியைக் கைவிடுகிறார்கள்.

பெரும்பாலும் குற்றம் மண்ணிலோ விதையிலோ இல்லை. தண்ணீரை எண்ணாமல் குழியை எண்ணியதுதான் குற்றம். முதலில் தண்ணீரை எண்ண வேண்டும். பிறகே குழி வெட்ட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு கொடி எவ்வளவு குடிக்கும்?

மழையை மில்லிமீற்றரில் அளக்கிறார்கள் அல்லவா? ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். நமது பகுதியின் கடும் வெயிலில், இலையால் முழுவதும் மூடப்பட்ட நிலம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீரை இழக்கும். சோளகக் காற்று பலமாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இது 6 மில்லிமீற்றருக்கும் மேலே போகலாம்.

பூசணிக் குழிகளை எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் வெட்டி, குழிக்கு இரண்டு கன்றுகள் விடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழிக்குரிய நிலம் சுமார் 6 சதுர மீற்றர். கொடி அந்த நிலத்தை முழுவதும் மூடிய பின்னர், அதன் முழுத் தேவை நாளொன்றுக்கு 30 லீற்றர், அதாவது மூன்று வாளி. (இக்கட்டுரையில் வாளி என்பது 10 லீற்றர் வாளி.)

மூன்று வாளியா என்று மலைக்க வேண்டாம். இந்த நீர் முழுவதையும் நாமே ஊற்ற வேண்டியதில்லை. பூசணியின் வேர் இடமிருந்தால் மூன்றடிக்கும் மேல் ஆழமாக இறங்கும். பக்கவாட்டிலும் கொடியோடு சேர்ந்து பரவும். மாரி மழை நிலத்துக்குள் சேமித்து வைத்த ஈரத்தை அது தானே தேடி எடுத்துக்கொள்ளும். வாளியால் ஊற்றும் ஒரு குடும்பம், கொடி பூத்துக் காய்க்கும் காலத்தில் குழிக்குச் சராசரி 10 முதல் 12 லீற்றர் கொடுத்தால், வாய்க்கால் பாயும் தோட்டத்தின் விளைச்சல் வராவிட்டாலும் கொடிக்கு ஒன்றிரண்டு நல்ல காய்கள் நிற்கும். அதற்கும் கீழே இறங்கினால் கொடி மட்டுமே மிஞ்சும்.

சிறிது சிறிதாக அல்ல, ஆழமாக

தினமும் கொஞ்சம் ஊற்றுவது அன்பான செயல்போலத் தோன்றும். ஆனால் அது கொடிக்கு நன்மை செய்யாது. இரண்டு லீற்றர் நீர் மேல் மண்ணில் இரண்டங்குலத்தை மட்டும் நனைக்கும். மத்தியானத்துக்குள் அதில் பெரும்பகுதி வெயிலுக்குப் போய்விடும். ஈரம் மேலே இருப்பதால் வேரும் மேலேயே நிற்கும். ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் அப்படிப்பட்ட கொடி தாங்காது.

ஒரேயடியாக இரண்டு வாளி ஊற்றி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். நீர் ஓரடிக்குக் கீழே இறங்கும். அங்கே வெயில் எட்டாது. வேர் அதைத் தேடிக் கீழே போகும். செலவாகும் தண்ணீர் ஒன்றே, பயன் வேறு. இடம்பெயர்ந்த குடும்பத்தில் தண்ணீர் ஊற்றுபவர் ஒரு நாள் கூலிக்குப் போகலாம், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஒரு நாள் பதிவுக்காகப் பிரதேச செயலகத்தில் நிற்கலாம். ஆழ வேரூன்றிய கொடி அந்த நாட்களைத் தாங்கிக்கொள்ளும்.

எத்தனை நாளுக்கொரு முறை என்பதை மண்தான் தீர்மானிக்கும். மணல் கலந்த மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது; ஆகவே இரண்டு நாளுக்கொரு முறை ஊற்ற வேண்டும். வயல் நிலத்துக் களிமண் நீரை நீண்ட நேரம் வைத்திருக்கும். அங்கே மூன்று, நான்கு நாளுக்கொரு முறை போதும். களிமண்ணில் இன்னொரு ஆபத்து உண்டு. நீர் தேங்கினால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அறுவடை முடிந்த வயலில் பூசணி வைப்பவர்கள் குழியாக வெட்டாமல், ஓரடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேடாக்கி அதில் விதைப்பது நல்லது.

குழி தோண்டுமுன் ஒரு வார்த்தை. கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தப்படாத காணியில், எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், மண்வெட்டி வைக்க வேண்டாம்.

பருவத்துக்குப் பருவம்

பூசணியின் வாழ்நாள் ஏறக்குறைய நூறு நாட்கள். மனிதரைப்போலவே அதற்கும் பருவத்துக்கேற்ற பசியும் தாகமும் உண்டு.

1. விதைக்கு முன். ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி ஆழமாகக் குழி வெட்டி, ஒரு கடகம் மக்கிய மாட்டெருவை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். விதைப்பதற்கு முதல் நாள் மூன்று வாளி நீர் ஊற்றிக் குழியை அடிவரை நனையவிடுங்கள். விதைத்த பின்னர் முளை வரும்வரை மேல்மண் காயாமல் தெளித்தால் போதும். சேறாக்கினால் விதை அழுகும்.

2. முதல் இரண்டு கிழமைகள். நாளொன்றுக்குக் குழிக்கு 2 லீற்றர். இக்காலத்தில் மட்டும் தினமும் ஊற்றலாம். ஏனெனில் வேர் இன்னும் மேலேயே இருக்கிறது.

3. கொடி ஓடும் காலம், அதாவது மூன்றாம் கிழமை முதல் ஐந்தாம் கிழமை வரை. மணல் மண்ணில் இரண்டு நாளுக்கு ஒரு வாளி. களிமண்ணில் மூன்று நாளுக்கு ஒன்றரை வாளி. கன்றின் அடியில் ஊற்றாமல், அடியிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக ஒரு சிறு வாய்க்கால் இழுத்து அதில் ஊற்றுங்கள். தண்ணீரைத் தேடி வேர் வெளியே வர வேண்டும்.

4. பூத்துக் காய்க்கும் காலம், ஏறக்குறைய நாற்பது நாட்கள். மணல் மண்ணில் இரண்டு நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை வாளி. களிமண்ணில் நான்கு நாளுக்கு நான்கு முதல் நான்கரை வாளி. வட்ட வாய்க்காலை இரண்டடிக்கு விரிவாக்குங்கள். கொடியின் கணுக்களில் மண்ணை அணைத்துவிட்டால் அங்கேயும் வேர் விடும். அந்த வேரும் தன் பங்குக்கு ஈரத்தை எடுக்கும். இந்தக் காலத்தில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் பூ உதிரும், பிஞ்சு வெம்பும். பல நாள் காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் காய் வெடிக்கும்.

5. முற்றும் காலம். காய் பருத்து முடிந்த பின்னர் தண்ணீரைக் குறையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு வாளி போதும். பறிப்பதற்கு ஒரு கிழமை, பத்து நாள் முன்னர் முற்றாக நிறுத்துங்கள். கடைசி நேரத்தில் ஊற்றும் தண்ணீர் காயின் நிறையைக் கூட்டலாம். ஆனால் இனிப்பையும் வைத்திருக்கும் காலத்தையும் குறைக்கும். வீட்டில் வைத்துச் சாப்பிட விரும்பும் குடும்பத்துக்கு இது முக்கியம்.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால், ஒரு குழிக்கு விதைப்பு முதல் பறிப்பு வரை சுமார் 700 லீற்றர் நீர் வேண்டும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த நாற்பது நாட்களுக்கே போகிறது. இங்கேதான் நமது கணக்குப் பிழைக்கிறது. நாற்பது குழி வைத்தவருக்கு முதல் இரண்டு கிழமைகளில் நாளொன்றுக்கு 80 லீற்றர், எட்டு வாளிதான் தேவைப்படும். “இதென்ன பெரிய வேலை” என்று தோன்றும். அதே நாற்பது குழிக்குப் பூக்கும் காலத்தில் 480 லீற்றர், நாற்பத்தெட்டு வாளி வேண்டும். அது கிணற்றிலும் இருக்காது, அவர் தோளிலும் இருக்காது.

கிணற்றை அளப்போம்

இரணைமடுக் குளத்தின் கீழே பயிர் செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். சிறுபோகம் தொடங்குமுன் கூட்டம் கூடுகிறது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானித்து, கமக்காரர் மத்தியில் பங்கிடுகிறார்கள். காணி முழுவதும் இருக்கிறதே என்று எல்லா வயலையும் யாரும் விதைப்பதில்லை. நாம் சொல்வது புதிதொன்றுமல்ல. பெரிய குளத்துக்குச் செய்யும் அந்தக் கணக்கையே நமது சிறிய கிணற்றுக்கும் செய்ய வேண்டும் என்பதுதான்.

ஒரு கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டுங்கள். பின்னேரம் எல்லோரும் அள்ளி முடித்தபின் கிணற்றின் நீரை அளவுங்கள். மறுநாள் விடியற்காலை யாரும் அள்ளுமுன் மறுபடி அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இரவில் ஊறிய நீர். பத்தடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி நீர் ஏறியிருந்தால், அது சுமார் 2,200 லீற்றர்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். அந்தக் கிணற்றை ஐந்து குடும்பங்கள் பாவிக்கின்றன, குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க ஓர் ஆளுக்கு 50 லீற்றர் என்றால் 25 பேருக்கும் 1,250 லீற்றர். மீதி 950 லீற்றர். ஐந்தாகப் பங்கிட்டால் குடும்பத்துக்கு 190 லீற்றர். பூக்கும் காலத்துக்குரிய 12 லீற்றரால் அதை வகுத்தால் கிடைப்பது பதினைந்து. ஆகவே அந்த வளவில் ஒரு குடும்பம் வைக்கக்கூடிய குழிகள் பதினைந்து.

ஒரு பரப்புக் காணியில் எட்டடிக்கு எட்டடியாக நாற்பத்திரண்டு குழிகள் வெட்டலாம். இடமிருக்கிறதே என்று நாற்பத்திரண்டும் வெட்டினால் குழிக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு நாலரை லீற்றர். அதில் காய் நிற்காது. பதினைந்து குழி வைத்தவர் வீட்டில் காய் இருக்கும். நாற்பத்திரண்டு குழி வைத்தவர் வீட்டில் கொடி இருக்கும்.

தை மாதத்தில் அளந்த அளவை நம்பி இருந்துவிடவும் கூடாது. மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் நன்றாக ஊறும். இரண்டு கிழமைக்கு ஒரு முறை அளவுங்கள். பூக்கத் தொடங்குமுன் ஊற்றுக் குறைந்துவிட்டால், மெலிந்த குழிகளைத் துணிந்து கைவிடுங்கள். அவற்றின் கொழுந்தைக் கறிக்கு ஒடித்துக்கொண்டு, தண்ணீரை நல்ல பத்துக் குழிகளுக்குக் கொடுங்கள். வைத்த பயிரைக் கைவிட மனம் வராது என்பது நமக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் காப்பாற்ற முயன்று எல்லாவற்றையும் இழப்பதைவிட இது நல்லது.

எப்போது விதைப்பது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். தையில் விதைத்தால் நிலத்தில் மாரி ஈரம் இருக்கும். கொடி காய்க்கும் மாசி, பங்குனியில் கிணற்றிலும் ஓரளவு நீர் இருக்கும். சித்திரை, வைகாசியில் விதைத்தால் கொடியின் தாகம் மிகுந்த நாட்கள் சோளகக் காற்றோடு வந்து சேரும். கிணற்றை மட்டும் நம்பியிருப்பவர்கள் தையில் விதைப்பதே உத்தமம்.

இலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

மத்தியான வெயிலில் பூசணி இலை குடைபோல மடிந்து தொங்கும். அதைக் கண்டவுடன் வாளியைத் தூக்குகிறோம். அகன்ற இலையிலிருந்து நீர் வெளியேறும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது இலை தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போதும் இது நடக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு இலை நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். விடியற்காலையிலும் இலை தொங்கியபடி இருந்தால்தான் கொடிக்கு உண்மையான தாகம்.

இலையைவிட மண் நம்பத்தக்க சாட்சி. குழியின் ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்குங்கள். உருண்டையாகப் பிடித்து நின்றால் இன்று தண்ணீர் வேண்டாம். பிடியைத் திறந்தவுடன் உதிர்ந்துவிட்டால் ஊற்றுங்கள். விரலிடையே நீர் கசிந்தால் ஏற்கெனவே அதிகமாக ஊற்றிவிட்டீர்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பெண்பூவின் அடியிலுள்ள சிறு பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் “தண்ணீர் போதாது” என்று மேலும் ஊற்றுகிறோம். மண்ணில் ஈரம் இருக்கும்போது பிஞ்சு விழுந்தால், மகரந்தம் சேராததே பெரும்பாலும் காரணம். பூசணிப்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏற மூடிக்கொள்ளும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வர வேண்டும். தேனீ குறைந்த இடத்தில், விடியற்காலையில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். காம்போடு பிஞ்சு இருப்பது பெண்பூ. வெறும் காம்பில் நிற்பது ஆண்பூ. இந்த வேலையைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள்.

தண்ணீர் ஊற்ற ஏற்ற நேரம் விடியற்காலை. அதற்கு நேரமில்லாதவர்கள் பின்னேரம் ஊற்றலாம். ஆனால் இலையை நனைக்க வேண்டாம். இரவு முழுவதும் ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சண நோய்கள் எளிதில் பரவும். காலையில் பூவின்மேல் தண்ணீர் இறைத்தால் மகரந்தம் கெட்டுப்போகும். தலையில் அல்ல, காலில் ஊற்ற வேண்டும்.

உள்ள நீரைக் காப்பது

குழியைச் சுற்றி மூன்று நான்கு அங்குலத் தடிப்புக்கு வைக்கோல், சருகு, காய்ந்த புல், பழைய கிடுகு என எது கிடைத்தாலும் பரப்புங்கள். வெயில் நேரே மண்ணில் படாவிட்டால் ஈரம் போவது வெகுவாகக் குறையும். தண்டோடு ஒட்ட வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பூவரசு, கிளிசறியாக் குழைகளையும் இப்படிப் பரப்பலாம். அவை மக்கிப் பசளையாகவும் ஆகும்.

பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்குள்ள பழங்குடி மக்கள் பூசணி இனங்களைச் சோளத்தோடும் அவரையோடும் ஒரே நிலத்தில் வளர்த்தார்கள். சோளத்தண்டில் அவரை ஏறியது; பூசணியின் அகன்ற இலை நிலத்தை மூடிக் களையை அடக்கி ஈரத்தைக் காத்தது. நமது வளவிலும் வரிசைகளுக்கிடையே சோளம் ஊன்றினால் கொடிக்குச் சிறிது காற்று மறைப்புக் கிடைக்கும். ஆனால் சோளமும் தண்ணீர் குடிக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

மண்பானையைப் புதைத்து நீர் கொடுப்பது இன்னொரு பழைய முறை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் சீனாவில் பான் ஷெங்ஷி என்பவர் எழுதிய வேளாண் நூலிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. குழியின் நடுவே பானையைக் கழுத்துவரை புதைத்து, அதைச் சுற்றி முலாம்பழ விதைகளை ஊன்றி, பானையில் நீர் நிரப்பி வாயை மூடிவைக்கச் சொல்கிறார் அவர். சுட்ட மண்பானையின் நுண்துளைகளால் நீர் மெல்லக் கசியும். மண் காய்ந்திருந்தால் கூடுதலாகவும், ஈரமாக இருந்தால் குறைவாகவும் கசியும். பூசுமெருகு போடாத பானையாக இருக்க வேண்டும். வாயை ஓட்டுத் துண்டால் மூடாவிட்டால் நுளம்பு பெருகும். பானை வாங்க இயலாதவர்கள், பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் ஊசியால் இரண்டு மூன்று துளையிட்டுப் புதைத்தும் ஓரளவு பயன் பெறலாம்.

அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர், குளித்த நீர் ஆகியவற்றை ஒரு சிறு வாய்க்காலால் குழிக்குத் திருப்பலாம். ஐந்து பேருள்ள வீட்டில் நாளுக்கு 100 லீற்றரை இப்படிச் சேர்த்தால் மேலும் எட்டுக் குழிகளுக்கு அது போதும். ஆனால் சவர்க்காரத்தூளில் துவைத்த நீரை விட வேண்டாம். அதிலுள்ள உப்பு மண்ணை இறுகச் செய்யும். குளித்த நீரையும் ஒரே குழிக்கு நாள்தோறும் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள்.

நீர்ப்பம்பி உள்ளவர்களுக்கும் ஒரு சொல். 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் பம்பியை ஓடவைத்தவர்கள் நமது மக்கள். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதையும் கண்டோம். பம்பி நின்றாலும் வாளியால் காப்பாற்றக்கூடிய அளவுக்கே குழி வைப்பது புத்தி.

உப்பைக் கவனிப்போம்

பரந்தனுக்கு வடக்கே உமையாள்புரம் தாண்டி ஆனையிறவுக் கடல்நீரேரியை நெருங்க நெருங்க, கிணற்று நீரில் உப்புக் கூடும். நிலத்தின் கீழே நல்ல நீர் பாரமான உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கோடையில் பம்பி பூட்டி வேகமாக இறைத்தால் மேலுள்ள நல்ல நீர் குறைய, கீழேயுள்ள உப்பு நீர் எழும்பும். அது பூசணியை மட்டுமல்ல, குடிதண்ணீரையும் கெடுக்கும். அப்படிப்பட்ட கிணற்றில் ஒரேயடியாக இறைக்காமல் காலையும் பின்னேரமும் சிறிது சிறிதாக அள்ள வேண்டும்.

பூசணி உப்பை ஓரளவுதான் தாங்கும். இலையின் ஓரம் தீய்ந்து கருகுவதும், மண்ணின்மேல் வெள்ளையாகப் பூப்பதும் அதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் நீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்ற வேண்டாம். அது உப்பை வேரடியிலேயே சேர்த்துவிடும். நாட்களைத் தள்ளி நிறைய ஊற்றினால் உப்புக் கீழே கழுவப்படும். மாட்டெருவும் மூடாக்கும் இங்கே இரட்டிப்புப் பயன் தரும். சந்தேகமுள்ளவர்கள் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ சொல்லி, நீரையும் மண்ணையும் பரிசோதிக்க வழி கேளுங்கள். நீண்ட காலம் கைவிடப்பட்டுக் கிடந்த கிணற்றின் நீரை, இறைத்துத் துப்புரவாக்கிப் பரிசோதிக்குமுன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கிணறும் அயலும்

தண்ணீரை எண்ணுவது ஒரு வீட்டுக் காரியமல்ல. ஐந்து குடும்பத்தின் கிணற்றில் நான்கு பேர் அளவோடு அள்ள, ஒருவர் பம்பி பூட்டி இறைத்தால் கணக்கெல்லாம் வீண். வந்து குடியேறியவருக்கும் முன்னரே இருந்தவருக்கும் இடையே மூளும் பல சண்டைகள் கிணற்றடியில்தான் தொடங்குகின்றன.

தொடக்க நூலின் இருபத்தாறாம் அதிகாரத்தில் ஈசாக்கின் கதை இருக்கிறது. அவர் தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளைப் பிறர் மண்போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். புதிதாகத் தோண்டியபோது அந்த ஊர் மேய்ப்பர்கள் தண்ணீர் தங்களுடையதென்று வாதாடினார்கள். அவர் வேறொன்று தோண்டினார். அதற்கும் சண்டை வந்தது. மூன்றாவது கிணற்றுக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. நமக்கு இடம் கிடைத்தது என்ற கருத்தில் அதற்குப் பெயர் வைத்தார். 2010ஆம் ஆண்டளவில் திரும்பி வந்து, தூர்ந்துபோன கிணறுகளை இறைத்துச் சேறெடுத்த நமது மக்களுக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல. ஆனால் ஈசாக்கைப்போல இன்னொரு கிணறு தோண்ட நம்மில் பலருக்கு வசதியில்லை. ஆகவே இருக்கும் கிணற்றிலேயே எல்லோருக்கும் இடம் உண்டாக்க வேண்டும்.

விதைக்குமுன் ஒரு பின்னேரம் கிணற்றடியில் கூடுங்கள். கயிற்றைப் போட்டு எல்லோரும் பார்க்க அளவுங்கள். குடிக்கவும் சமைக்கவும் முதலில் ஒதுக்குங்கள். மீதியை வீட்டுக்கு இத்தனை வாளி என்று பங்கிட்டு, யார் காலையில், யார் பின்னேரம் என்று முறை வையுங்கள். ஆளில்லாத வீடு, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய், நடக்க இயலாத முதியவர் என்று யாராவது இருந்தால், அவர்களின் பங்கை ஊற்றிக்கொடுக்கும் பொறுப்பை இளைஞர்கள் எடுக்கலாம். காணி யாருடையது என்பதற்கு உறுதி வேண்டும். தண்ணீருக்கு உங்கள் ஐந்து வீட்டின் வாய்ச்சொல் போதும். அதை எல்லோரும் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

காய் முற்றியதை அறிய நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்காமல், காம்பு காய்ந்து தக்கைபோலானால் பறிக்கலாம். இரண்டங்குலக் காம்போடு வெட்டி, கீழே விழாமல் எடுத்து, நிழலில் பலகையின்மேலோ வைக்கோலின்மேலோ ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். தையில் பதினைந்து குழி வைத்து அளவோடு நீர் கொடுத்த வீட்டில், கிணறு அடிதட்டும் ஆனி, ஆடி மாதங்களிலும் கறிக்கு ஒரு காய் இருக்கும்.